ஏழாவது பரிந்துரையும் நீலத் தார்ப்பாயும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் முதல் நாளே நடைமுறை விதிப் புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். நூற்று நாற்பது பக்கம். நீங்கள் அதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்களும் படிக்கவில்லை. எனக்கு மேலே இருந்த நான்கு டைரக்டர்களும் படித்ததில்லை. அதை எழுதிய குழுவே முழுதாகப் படிக்கவில்லை என்பதற்குப் புத்தகத்திலேயே சான்று இருக்கிறது: பதினொன்றாம் விதியும் முப்பதாம் விதியும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. நான் படித்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. வீடு இருந்த வலியசாலையிலிருந்து ஆபீஸ் இருக்கும் வழுதக்காட்டுக்கு வரும் பஸ்ஸில் படிக்க வேறு எதுவும் கையில் இல்லை, அவ்வளவுதான்.

பண்பாட்டு மரபையும் அது சார்ந்த அரசுக் கொள்கைகளையும் ஆராயும் பன்னிரண்டு நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு என்று நம் பெயர்ப்பலகை சொல்கிறது. பெயர்ப்பலகை பொய் சொல்லவில்லை. கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது. பன்னிரண்டு நாட்டுப் பேராசிரியர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தாமல் ஒரு பத்தியை எழுதி முடிப்பதற்கு உதவுவதே திருவனந்தபுரம் செயலகத்தின் வேலை. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் மௌன நடைமுறை.

இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வரைவு எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும். பத்து வேலை நாள் அவகாசம். பத்தாம் நாள் மாலைக்குள் யாரும் எதிர்ப்பு எழுதாவிட்டால் எல்லோரும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எதிர்ப்பதாக இருந்தால் எதிர்ப்பவரே மாற்றுப் பத்தி ஒன்றை எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை வைத்தவர் மனித மனத்தை அறிந்தவர். மாற்றுப் பத்தி எழுதும் வேலைக்குப் பயந்து பல வருடங்களாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உலகத்திலேயே ஒற்றுமையான அமைப்பு நம்முடையதுதான் என்று ஒவ்வொரு வருடாந்திரக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் பேசுவார்.

அந்த ஒற்றுமையின் ஆழத்தை நான் சேர்ந்த முதல் வருடமே அளந்துவிட்டேன். கடலோரப் பாய்மரத் தொழில்கள் பற்றிய ஒரு வரைவை அனுப்பும்போது மூன்றாம் இணைப்பாக வரைபடத்தைச் சேர்ப்பதற்குப் பதில், அந்த வாரப் பயிலரங்கின் மதியச் சாப்பாட்டுப் பட்டியலைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். பரிப்பு, சாம்பார், அவியல், பப்படம், அடைப்பிரதமன். கீழே, "மீன் வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லவும்" என்ற குறிப்பு. பத்து நாள் கழிந்தது. பன்னிரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே தெரியவந்தது. அன்று என் மேலதிகாரியாக இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்தார்.

"அடைப்பிரதமன் நன்னா இருந்துதோ?"

"சார், திருத்தி அனுப்பிடட்டுமா?"

"எதுக்கு? திருத்தினா அவா யாரும் படிக்கலேங்கறது வெளில வந்துடும். நீ பண்ணின தப்பை மன்னிப்பா. அதை மன்னிக்கவே மாட்டா."

இன்றைக்கும் அந்த ஆவணத்தில் அவியல் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

இந்த உற்சாகத்தில்தான் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம். அலுவலகத்துக்குள் அது விதி. வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு கற்றுக்கொண்டேன்.

மலைத் தோட்டங்களின் குடியிருப்புகள் பற்றி ஒரு கொள்கை அறிக்கை தயாரானது. அதற்காக விதுராவுக்கு மேலே போனக்காட்டுப் பக்கம் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். டைரக்டர், உறுப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த வெளிநாட்டு ஆய்வாளர், அவருடன் வந்த புகைப்படக்காரர், பிறகு நான். அங்கே இருப்பவர்கள் எல்லாம் தமிழர்கள் என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார்கள்.

லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீடுகள். முப்பத்தோரு குடும்பம். கூரை முழுக்கத் துருப்பிடித்த தகரம். அதன் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்து ஆய்வாளர் அசந்து நின்றுவிட்டார். பின்னால் பச்சை மலை, மேலே பஞ்சு மேகம், நடுவே செம்பழுப்புக் கூரை. அறிக்கையின் அட்டைப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே ஒரு இடைஞ்சல். ஒழுகும் இடங்களில் எல்லாம் நீலத் தார்ப்பாயை விரித்துக் கல்லும் பழைய டயரும் வைத்திருந்தார்கள்.

"அந்த நீலத்தை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கச் சொல்ல முடியுமா?" என்றார் புகைப்படக்காரர்.

நான் மொழிபெயர்த்தேன். மறக்காதீர்கள், அதைத் தமிழில் சொன்னது நான்தான். ஆட்கள் முகம் கோணாமல் ஏணி வைத்து ஏறி இறக்கினார்கள். படம் நன்றாக வந்தது.

பிறகு மஸ்டர் ஷெட்டில் கருத்துக் கேட்புக் கூட்டம். காலையில் ஆள் பேர் கூப்பிடும் கொட்டகை அது. கூரைகளின் வரலாற்று மதிப்பைப் பற்றி டைரக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில், இந்தக் கூரைகளை இப்படியே பாதுகாக்கப் பரிந்துரை செய்யப் போகிறோம், யாருக்காவது எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் வாசல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனிப்பு போதவில்லை என்று நினைத்தேனே தவிர, மேகம் கறுத்துக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. பருப்பு வடையும் டீயும் வந்தன. ஜீப்பில் உட்கார்ந்தபடியே படிவத்தில் டிக் போட்டேன்: சமூகம் கலந்தாலோசிக்கப்பட்டது, ஆட்சேபம் இல்லை.

நாங்கள் இரண்டாவது வளைவு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்களைத் திரும்ப ஏற்றிவிட்டார்களா என்று ஜீப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

வரைவு சுற்றுக்குப் போனது; வழக்கம்போல் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் ஒரு நகல் போனது. அதில் ஏழாவது பரிந்துரை: "குடியிருப்பு வரிசைகளின் கூரைகள், விரிவான ஆய்வு முடியும்வரை, இப்போதுள்ள நிலையிலேயே பேணப்பட வேண்டும்." நம் அலுவலகத்தில் விரிவான ஆய்வு என்றால் என்ன என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். நான் சேர்ந்தபோது தொடங்கிய ஒன்று நான் ஓய்வு பெறும்போது இடைக்கால அறிக்கை வரை வந்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு அம்மாள் என் மேஜைக்கு முன் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் குடை, தோளில் துணிப்பை. விதுரா வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பேர் மரியபுஷ்பம், அந்த லயத்தில் கொழுந்து எடுப்பவர்.

"மேடம், அன்னைக்கு எங்ககிட்ட தமிழ்ல பேசுனது நீங்கதானே?"

"ஆமாம், உக்காருங்கோ."

உட்காரவில்லை. "பஞ்சாயத்துல எங்களுக்குப் புதுக் கூரை சாங்ஷன் ஆயிருக்கு மேடம். இடவப்பாதிக்கு முன்ன போட்டுத் தாறேன்னு மெம்பர் சொன்னாரு. நேத்து போயிக் கேட்டா, நிறுத்தி வெச்சிருக்காம். ஏதோ ஆபீஸ்ல கூரையத் தொடக்கூடாதுன்னு எழுதப் போறாங்களாம், அது வந்துட்டா அவ்வளவுதானாம். நாங்க எல்லாரும் சம்மதம்னு சொன்னதா காயிதம் வேற இருக்காம். அந்தக் காயிதத்த ஒருதரம் பாக்கணும்."

இடவப்பாதி என்றால் ஜூன் மழை. அதற்கு ஐந்து வாரம் இருந்தது. படிவத்தை எடுத்துக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

"இந்த டிக் யாரு போட்டது?"

"நான்தான்."

"நாங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே!"

"அதனாலதான் போட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"எங்க லயத்துல ஒருத்தி பேசாம இருந்தா ரெண்டு நாளைக்கு அவ வீட்டு வாசப்பக்கம் ஒருத்தரும் போகமாட்டோம் மேடம். அவ்வளவு கோவம்னு அர்த்தம். அன்னைக்கு முப்பத்தோரு வீடும் பேசாம இருந்துச்சு. நீங்க வடையத் தின்னுட்டு வண்டியில ஏறிட்டீங்க."

"ஏன், வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"தார்ப்பாய இறக்கச் சொன்னீங்க, இறக்குனோம். மழ வருது, விட்டாப் போயி ஏத்தலாம்னு பாத்தா, சாரு பேசிக்கிட்டே இருக்காரு. எதுத்துப் பேசுனா இன்னும் பேசுவாருல்லா?" பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு. அன்னைக்கு நனைஞ்ச கட்டில்லயே படுத்து மூணு நாள் மெடிக்கல் காலேஜ்ல கெடந்தாரு. டாக்டரு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. இந்த மழைக்கும் ஒழுகுற வீட்ல போட்டா அப்புறம் காப்பாத்த முடியாதுன்னு."

நான் எழுந்து டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் மலையாளி. என்னிடம் தமிழில் பேசுவதாக அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

"சார், அந்த டிக் தப்பு. திருத்தக் குறிப்பு அனுப்பணும்."

"வேண்டா மேடம். இப்ப அதத் தொட்டா வலிய பிரஸ்னமாகும். அடுத்த மாசம்தானே செக்ரடேரியட் எங்க இருக்கணும்னு வோட்டு? நம்ம ஆபீஸே தெற்றுன்னு எழுதிக் கொடுத்தா பின்ன இங்க வெச்சிருப்பாங்களா? இட்ட டிக் இட்டு. அது அங்ஙனெ கெடக்கட்டெ."

தெற்று என்றால் தப்பு; போட்ட டிக் போட்டபடியே கிடக்கட்டும் என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அலுவலகம் வேறு நாட்டுக்குப் போனால் பதினான்கு பேர் வேலை போகும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். ஆனாலும் நான் திருத்தத்தை அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டு இருக்கைக்குத் திரும்பினேன். எந்தப் படிவத்தில் அனுப்ப வேண்டும் என்று பார்ப்பதற்காக விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். அப்போதுதான் பதினான்காம் விதி கண்ணில் பட்டது. பல தடவை பஸ்ஸில் கடந்துபோன விதிதான். "கலந்தாலோசிக்கப்பட்ட சமூகத்துக்கு, அது வாசிக்கும் மொழியில் வரைவு அளிக்கப்பட வேண்டும். சுற்றுக் காலத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க அதற்கு உறுப்பினருக்கு உள்ள அதே உரிமை உண்டு."

ஒருவரும் பயன்படுத்தாததால் ஒருவருக்கும் நினைவில்லாத விதி. இரண்டு தடவை படித்தேன். பிறகு என் டிக்கைப் பார்த்தேன். நான் அதைத் திருத்தினால் அவர்கள் கலந்தாலோசிக்கப்படாதவர்கள் ஆகிவிடுவார்கள். கலந்தாலோசிக்கப்படாதவர்களுக்கு எதிர்க்கும் உரிமை கிடையாது. பரிந்துரையும் ஒரு அடிக்குறிப்போடு நிம்மதியாக நிறைவேறிவிடும். தப்பை அப்படியே விட்டால்தான் அவர்களுக்கு வழி உண்டு.

ஒரு தவறைக் கண்டுபிடித்ததும் உடனே திருத்தத் துடிப்பீர்கள். நல்ல குணம்தான். ஆனால் ஐந்து நிமிஷம் பொறுங்கள். அந்தத் தவறு இன்னும் என்னென்ன செய்து வைத்திருக்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

ஏழாவது பரிந்துரையைத் தமிழில் அரைப் பக்கம் அடித்து, முத்திரை வைத்து, மரியபுஷ்பத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன்.

"இதுக்கு ஒத்துக்கலைன்னா எழுதித் தரலாம். எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இங்க வந்து சேரணும்."

"ஒத்துக்கக் கூடாதுங்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. செயலகம் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. விதி."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி. நீங்க ஒண்ணும் சொல்லல," என்றார். குடையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் மூன்று மணி ஆகியும் ஆளைக் காணோம். மலையில் போன் கிடைக்காது. ஒரு வளைவில் மட்டும் சிக்னல் வரும், அதுவும் காற்றைப் பொறுத்து. கெடு கூட்டமைப்பின் ஐரோப்பியத் தலைமையக நேரப்படி; அங்கே மாலை ஐந்து மணி நமக்கு இரவு எட்டரை என்பதால் அவகாசம் இருந்தது. ஆனால் நம் டைரக்டர் ஐந்து மணிக்கு முடிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அதில் ஒரே ஒரு வரிதான்: "சுற்றுக் காலத்தில் எதிர்ப்பு எதுவும் வரவில்லை."

நாலேகாலுக்கு வந்தார். சேலை முழங்கால்வரை சேறு. வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, நடந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். பிளாஸ்டிக் கவருக்குள் காகிதம் காய்ந்தே இருந்தது. முப்பத்தோரு வீட்டுக் கையெழுத்தும் இருந்தது; நான்கு கைநாட்டு.

"ஒத்துக்க மாட்டோம்னு எழுதிட்டோம் மேடம். போதுமா?"

"போதாது. அதுக்குப் பதிலா என்ன எழுதணும்னு நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா இது செல்லாது."

"அது நேத்தே சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனேன். விதிகளெல்லாம் தெரிந்தவள் என்று பேர் எடுத்தவள் செய்த காரியம் இது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. "எழுதுங்க. ஒழுகுற கூரைய, அதுக்குக் கீழ இருக்குறவங்க மாத்திக்கலாம். பழசு அப்படியே இருக்கணும்னு ஆசைப்படுறவங்க வந்து அதுக்குக் கீழ இருந்துக்கலாம்."

"இப்படியே போடவா?"

"வேற எப்படிப் போடுவீங்க?"

சமூகத்தின் வாசகத்தைச் செயலகம் ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்பதும் அதே பதினான்காம் விதி. தமிழில் அடித்தேன், கீழே ஆங்கிலத்திலும் அடித்தேன். அவரை டைரக்டர் அறைக்கு வெளியே சோபாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். முடிப்புச் சான்றிதழை மேஜையின் வலதுபக்கம் வைத்தேன். பிளாஸ்டிக் கவரையும் எதிர்ப்பையும் இடதுபக்கம் வைத்தேன். கதவை மட்டும் சாத்தவில்லை.

"இது எந்தா?"

"எதிர்ப்பு சார். கையெழுத்துப் போட வேண்டியது இந்த ரெண்டுல ஒண்ணு. சான்றிதழ்ல போட்டா, எதுவும் வரலைன்னு நீங்க எழுதினதா ஆகும். கொண்டுவந்தவா வெளில உக்காந்திருக்கா."

கதவு வழியாகப் பார்த்தார். மரியபுஷ்பம் சோபாவில் சேறு படாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ வோட்டு?"

"நம்ம ஆபீஸ் தெற்றுன்னு யாரும் சொல்லலையே சார். நம்ம டிக் ரொம்ப சரி. கலந்தாலோசிச்சோம். எவ்வளவு நன்னா கலந்தாலோசிச்சோம்னா, அவா எதிர்ப்பே எழுதிக் கொடுத்துட்டா."

பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வலதுபக்கக் காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "அயச்சேக்கு," என்றார். அனுப்பிவிடு என்று அர்த்தம். ஐந்து மணிக்கு வீட்டுக்கும் போய்விட்டார்.

அனுப்பினேன். பல வருட மௌனம் கலைந்தது. மாற்றுப் பத்திக்கு மூன்று வேலை நாள் அவகாசம். மரியபுஷ்பத்தின் இரண்டு வரிகள் பன்னிரண்டு நாட்டுப் பேராசிரியர்களின் அஞ்சல் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் நாள் ஒரு பதில் வந்தது. உடனே திறந்தேன். விடுமுறையில் இருப்பதாகத் தானாகப் போகும் அஞ்சல். இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மாலை, யாரும் எதையும் சொல்லாததால், அந்த இரண்டு வரிகளும் கூட்டமைப்பின் ஏழாவது பரிந்துரை ஆயின.

யாராவது படித்திருப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாம் இணைப்பில் அவியலை வைத்தவள் நான். அடுத்த மாத இணையவழிக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் ஏழாவது பரிந்துரையின் "துணிச்சலான பங்கேற்பு மொழி"யைப் பாராட்டினார். டைரக்டர் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். செயலகம் திருவனந்தபுரத்திலேயே இருந்தது. அதனால்தான் நீங்கள் இன்று அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பஞ்சாயத்து, மழைக்கு ஒன்பது நாள் முன்பு புதுக் கூரையைப் போட்டு முடித்தது. வரிசையின் கடைசியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில் மட்டும் பழைய தகரம் அப்படியே இருந்தது. மரியபுஷ்பத்தின் வீட்டுக்காரர் அந்த மழைக்கு ஆஸ்பத்திரி போகவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், அட்டைப் படத்துக்காக வந்திருந்த அதே ஆய்வாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழாவது பரிந்துரையின் இரண்டாம் வரியின்படி பழைய கூரையின் கீழ் தங்கி ஆய்வு செய்ய விரும்புவதாகவும், தங்குமிடத்துக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். ஆக, ஒருவராவது படித்திருக்கிறார்.

மரியபுஷ்பம் சிக்னல் வரும் அந்த வளைவுக்கு வந்து போனில் கூப்பிட்ட நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன்பென்றால் சம்மதம் என்று டிக் போட்டிருப்பேன். காத்திருந்தேன்.

"தாராளமா வரச்சொல்லுங்க மேடம்," என்றார். "கடைசி வீடு காலியாத்தான் கெடக்கு, பெருக்கி வெக்கிறோம். சோறு எங்க வீட்ல. ஜூன் மாசம் வரச்சொல்லுங்க, அப்பத்தான் மல பச்சையா இருக்கும்."

"சரி, எழுதிடறேன்."

"ஒண்ணு மட்டும் மறக்காம எழுதிருங்க. தார்ப்பாய் மட்டும் கேக்கக் கூடாது. படத்துக்கு நல்லா இருக்காது."